ராமேஸ்வரம் தீவு: கோயில் முடிந்த பிறகு மூன்று நாள், எங்கே போகலாம்?

காகிதக்கப்பல் | டிசம்பர் 1, இரவு 9:40

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன், எழுபதைத் தாண்டிய என் அப்பா. அப்பாவுக்கு 22 தீர்த்தமும் ஆட வேண்டும். அது ஒரு காலை வேளையில் முடிந்துவிடும். மிச்சமுள்ள மூன்று நாளும் வெளியில் திரியத்தான் ஆசை.

நான் எழுதி வைத்திருப்பது: ஓலைக்குடாவில் ஸ்நார்கெலிங் செய்து பவளப்பாறை பார்ப்பது, கயாக், படகில் போய் ஓங்கில் (டால்பின்) பார்ப்பது, முடிந்தால் கடல் பசு, ராத்திரி ஆமை முட்டையிடுவது, தனுஷ்கோடியில் பூநாரை, குருசடைத் தீவு. மகளுக்குப் பறவைப் பைத்தியம். மகனுக்கு எதைப் பார்த்தாலும் கையில் எடுக்க வேண்டும். மூன்று நாளில் இதெல்லாம் அடங்குமா?


மணல்திட்டு | டிசம்பர் 1, இரவு 10:05

கடல் பசுவைப் பட்டியலில் இருந்து இப்போதே அடித்துவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.


பாம்பன்காரி | டிசம்பர் 1, இரவு 10:52

தம்பி, எந்த இடம் என்று கேட்கும் முன்னால் எந்தக் காற்று என்று கேட்கணும். இந்தத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் வாடை. அப்போது வடகடல் குமுறிக்கொண்டு கிடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். வைகாசிக்கு மேல் கச்சானும் சோழகமும் தொடங்கினால் அப்படியே தலைகீழ். பங்குனி, சித்திரை பக்கம்தான் இரண்டும் சேர்ந்து அமைதியாக இருக்கும்.

ஓலைக்குடா வடகடல். நீங்கள் வருவது மார்கழி. அங்கே பாறை இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் வாடையில் மணல் கலங்கி, முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. பிள்ளைகளை அங்கே இறக்காதீர்கள். தென்கடலிலும் மழைத் தண்ணீர் வந்து கலந்திருக்கும் மாதம் இது, கண்ணாடி மாதிரித் தெளிவை எதிர்பார்க்க வேண்டாம்.

பூநாரைக்கு நல்ல நேரம். குருசடை தென்கடலில், குந்துகாலுக்கு எதிரே இருக்கிறது. அங்கே போக வாய்ப்பு உண்டு. ஆமைக்கு நீங்கள் சீக்கிரம் வருகிறீர்கள். புயல் கூண்டு ஏற்றியிருந்தால் எதுவும் கிடையாது. பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு என்று காலையில் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.


துடுப்பு | டிசம்பர் 2, காலை 7:15

அக்கா சொன்னதை நான் உடம்பால் கற்றவன். சில வருடம் முன்பு, ஜூன் மாதம், தென்கடல் பக்கம் ஒரு கயாக் வாடகைக்கு எடுத்தேன். கரையில் நின்று பார்த்தால் அலை பெரிதாகத் தெரியவில்லை. காற்று முதுகைத் தள்ளியது, இருபது நிமிடத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டேன். நாம்தான் நன்றாக ஓட்டுகிறோம் என்று ஒரு நினைப்பு வேறு! திரும்பும்போதுதான் தெரிந்தது. நாலு முறை துடுப்புப் போட்டால் நின்ற இடத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு வத்தைக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். வாடகைக்குக் கொடுத்தவர் எனக்கு மாட்டிவிட்ட லைஃப் ஜாக்கெட்டில் ஒரு பக்கிள் இல்லை. கரையில் அதைப் பார்க்காதது என் தப்பு.

அன்றில் இருந்து ஒரே பழக்கம்: போகும்போது காற்றுக்கு எதிரே போவேன். களைத்துப் போனால் காற்றே கரைக்குக் கொண்டு வந்துவிடும்.

மார்கழியில் பிள்ளைகளோடு கயாக் என்றால் காரங்காடு போங்கள். தீவில் இல்லை, தொண்டிப் பக்கம். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அதுவும் பாக் நீரிணைக் கரைதான், ஆனால் அலையாத்திக் காட்டு ஓடைக்குள் போய்விட்டால் வாடை தலைக்கு மேலே போய்விடும், தண்ணீர் அசையாது. பிரப்பன்வலசை, அரியமான் எல்லாம் கிட்டே, ஆனால் திறந்த கரை. அதைப் பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


காகிதக்கப்பல் | டிசம்பர் 2, காலை 8:30

அய்யோ, முதல் நாளிலேயே பாதி போச்சு. பாம்பன்காரி அக்கா, நன்றி. கடல் பசுவை மட்டும் ஏன் எல்லோரும் அடிக்கச் சொல்கிறீர்கள்? படகில் போய்க் காட்டுவதாக ஒருவர் போனில் சொன்னாரே.


முங்குநீச்சல் | டிசம்பர் 2, காலை 9:10

சொல்லியிருப்பார். நீங்களும் பணம் கொடுத்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு "இன்றைக்கு வரவில்லை" என்பார்.

தமிழ்நாட்டுக் கடலில் கடல் பசு மிகக் குறைவு. அதற்கென்று 2022 செப்டம்பரில் அறிவித்த பாதுகாப்பகம் 448 சதுர கிலோமீட்டர், அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதி. ராமேஸ்வரத்தில் நின்றால் வடக்கே வெகுதூரம். நான் பல வருடமாக முங்குகிறேன், ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அது கடற்புல் மேய்ந்த தடத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தேன். புல்தரையில் யாரோ ஒரு சாண் அகலத்துக்குச் சவரம் செய்துவிட்டுப் போன மாதிரி நீளமாக ஒரு கோடு. நாளைக்கு 40 கிலோ அளவுக்குப் புல் தின்னும் விலங்கு, கோடு போடாமல் என்ன செய்யும்.

படகு இன்ஜின் சத்தம் கேட்டாலே விலகிப் போகும். துரத்திப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை.


பாம்பன்காரி | டிசம்பர் 2, மதியம் 1:20

எங்கள் அப்பத்தா அதை ஆவுளியா என்பாள். அவள் காலத்தில் வலையில் விழுந்தால் ஊருக்கே கறி. இப்போது வலையில் பட்டால் அறுத்து விட்டுவிடுகிறார்கள். வலை போனாலும் போகட்டும் என்று வலையை வெட்டுகிற ஆள்களை எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.


நீள்லென்ஸ் | டிசம்பர் 2, மாலை 6:45

பூநாரைக்கு நான் சொல்கிறேன். தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் சுற்றுவட்டாரத்துச் சேற்று நீரில் நிற்கும். காலை வெளிச்சம் அருமை. போன தடவை ஒரே கூட்டமாக நின்றது, தலையைத் தூக்கவே இல்லை. நான் கொஞ்சம் தண்ணீருக்குள் இறங்கிக் கைதட்டினேன், மொத்தக் கூட்டமும் எழுந்தது. இறக்கைக்குக் கீழே அந்தச் சிவப்பும் கறுப்பும்! என் வாழ்நாள் படம். டிரோன் இருந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.


கொக்குமூக்கன் | டிசம்பர் 2, இரவு 7:30

நீள்லென்ஸ், உங்கள் படம் நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இதை இங்கே வழிகாட்டியாக எழுதாதீர்கள்.

பூநாரை நின்ற இடத்தில் இருந்து எழும்பாது. பார்த்திருப்பீர்களே, தண்ணீர் மேல் பத்துப் பதினைந்து எட்டு ஓடித்தான் எழும்பும். நாலடி உயரப் பறவை, அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு தெம்பு செலவாகும் என்று யோசியுங்கள். அது இங்கே வருவதே தின்று உடம்பைத் தேற்ற. நாளைக்கு நாலு பேர் கைதட்டினால் அதற்குத் தின்ன ஏது நேரம்? அப்புறம் அது தலையைத் தூக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். தூக்காது. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளி, சின்ன இறாலையும் பாசியையும் வடிகட்டித் தின்னும் பறவை அது. பார்க்க வேண்டியதே அதைத்தான்.

இன்னொன்று: 2025 ஜூனில் அந்தப் பகுதியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தாயிற்று. தண்ணீருக்குள் இறங்கிக் கைதட்டினால் இனி வேறு மாதிரிப் பேச்சாகிவிடும். டிரோனை மூட்டையிலேயே வையுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பூநாரைக்கு முன்னால் நீங்கள் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.


நீள்லென்ஸ் | டிசம்பர் 2, இரவு 8:02

சரி சரி. ஒரு தடவை செய்ததுதான். எல்லோரும் செய்கிறார்கள் என்று நானும் செய்தேன்.


மணல்திட்டு | டிசம்பர் 2, இரவு 8:10

கைதட்டினால் பறவை பறக்கும் என்று கண்டுபிடித்ததற்கு ஒரு கைதட்டல்.


காகிதக்கப்பல் | டிசம்பர் 3, காலை 6:50

கொக்குமூக்கன் சார், மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். நீள்லென்ஸ் அங்கிள் மேல் கோபமாக இருக்கிறாள். (மன்னிக்கவும் நீள்லென்ஸ்.) அவள் கேட்பது: எங்கே நிற்க வேண்டும், என்ன பைனாகுலர் வாங்க வேண்டும், பூநாரை தவிர என்னென்ன இருக்கும்?


கொக்குமூக்கன் | டிசம்பர் 3, இரவு 9:15

பாப்பாவுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

பைனாகுலரில் 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள். தனுஷ்கோடிக் காற்றில் அதைக் கையில் பிடித்தால் பறவை ஆடுகிறதா, நீங்கள் ஆடுகிறீர்களா என்று தெரியாது. பத்து வயதுக் கைக்கு அதிலும் கனம் குறைந்த 8×32 இன்னும் நல்லது.

எங்கே நிற்பது என்றால், எங்கேயும் நிற்க வேண்டாம். காரை ரோட்டோரம் பத்திரமாக ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, உள்ளேயே உட்காருங்கள். பறவைக்கு மனித உருவம்தான் பயம், நிற்கும் காரை அது ஒரு பாறையாக எடுத்துக்கொள்ளும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி இடம் பாருங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். குறைந்தது அரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம் சேறு அசைவது தெரியும். அது உள்ளான் கூட்டம், சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெரிது, சேற்று நிறம், தைக்கும் மிஷின் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டே போகும். வெயிலும் குளிரும் பாராமல் வடக்கே ரொம்ப தூரத்தில் இருந்து வருகிற பறவை.

பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறமாக அழுக்குப் பிடித்த மாதிரி சில இருக்கும். அவை இளம் பறவைகள். ரோஸ் நிறம் பிறவியில் வருவதில்லை, தின்னும் பாசியில் இருந்தும் இறாலில் இருந்தும் வருடக்கணக்கில் ஏறுகிறது. பாப்பா எண்ணும்போது சாம்பலைத் தனியாக, ரோஸைத் தனியாக எண்ணட்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல வேலை.

ஆலாவையும் கடற்காகத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: ஆலா பறந்தபடியே தலையைக் குனிந்து பார்த்துத் தண்ணீரில் தொப்பென்று விழும். கடற்காகம் உழைக்காது, மீன் வலை எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே செம்பருந்து நிச்சயம். விரால் அடிப்பான் அதிர்ஷ்டம் இருந்தால். அது மீனைப் பிடித்துக்கொண்டு பறக்கும்போது மீன் தலையை முன்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும், காற்று தடுக்காமல் இருக்க.


பாம்பன்காரி | டிசம்பர் 4, இரவு 10:10

குருசடை பற்றி ஒன்று. மன்னார் வளைகுடாவில் 21 தீவு, எல்லாம் 1986-ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அதில் இரண்டு இன்று தண்ணீருக்குக் கீழே. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவு கரைந்தது. மிச்சத் தீவுகளில் யாரும் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. குருசடைக்கு மட்டும் குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகில் கூட்டிப் போகிறார்கள். அன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேறு யாராவது "நான் ரகசியமாகத் தீவில் இறக்கிவிடுகிறேன்" என்றால் போக வேண்டாம், மாட்டுவது நீங்களும்தான்.

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் எப்போதும் உண்டு. சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்தவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையில் கை விடுவார்கள். தீவு மூடப்பட்டதும் அவர்கள் பிழைப்பு மேல் கோடு விழுந்தது. அவர்களே கூடிப் பேசி, மாதம் 12 நாள் மட்டும்தான் எடுப்பது, இரும்புக் கருவி வைத்துச் சுரண்டுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் லட்சுமி அக்காவுக்கு 2015-ல் வெளிநாட்டு விருதே கிடைத்தது, சீக்காலஜி விருது. சீட்டு வாங்கினவர் இறங்குகிற இடத்தில் இவர்களுக்கு இறங்க முடியாது. நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது படகில் இருந்து பாசி எடுப்பவர்களைப் பார்த்தால் போட்டோ எடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்.


முங்குநீச்சல் | டிசம்பர் 5, காலை 7:40

அக்கா சொன்னது எனக்கும் உறைத்தது. ஆனால் பூங்கா இல்லாமல் இருந்திருந்தால் 21-ல் எத்தனை மிச்சம் இருந்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். இதற்கு எனக்குப் பதில் தெரியாது.

பவளம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சில விஷயம். இந்த வளைகுடாவில் 117 வகைப் பவளம் பதிவாகியிருக்கிறது. பவளம் கல் இல்லை, உள்ளே கோடிக்கணக்கில் சின்ன உயிர்கள், அவற்றுக்குள்ளே பாசி குடியிருக்கிறது, நிறமும் சாப்பாடும் அந்தப் பாசி கொடுப்பது. தண்ணீர் சூடு 30, 31 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பாசியை வெளியே தள்ளிவிடும், பவளம் வெளுத்துவிடும். 2016 கோடையில் நானே பார்த்தேன், கடலுக்கு அடியில் யாரோ சுண்ணாம்பு அடித்த மாதிரி. சூடு சீக்கிரம் இறங்கினால் பிழைக்கும், இல்லாவிட்டால் மேலே பச்சைத் தூசி படியும், அவ்வளவுதான்.

ஒரு முறை என்னோடு வந்த படகுக்காரர் எல்லோரையும் பாறை மேல் நிற்க வைத்துப் படம் எடுத்தார். காலுக்குக் கீழே அப்பளம் நொறுங்குகிற சத்தம். அதனால் மகனுக்கு இடுப்பில் மிதவை கட்டாமல் கடலில் விடாதீர்கள். பயந்த பிள்ளை முதலில் தேடுவது நிற்க ஒரு இடம். சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதற்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். தோளும் எரியாது, தண்ணீரும் எண்ணெய் பிடிக்காது.


மருந்துப்பெட்டி | டிசம்பர் 5, மதியம் 2:00

நான் செவிலியர், அதனால் என் கவலை வேறு. சொறி பட்டால், அதாவது ஜெல்லி மீன், பெரும்பாலானவர்கள் நல்ல தண்ணீரை ஊற்றுவார்கள் அல்லது மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள். இரண்டும் தப்பு. ஒட்டியிருக்கும் இழையில் இன்னும் வெடிக்காத கொட்டும் பைகள் இருக்கும், நல்ல தண்ணீர் பட்டால் வெடிக்கும். கடல் தண்ணீரால் கழுவுங்கள், இழையைச் சின்ன இடுக்கியால் எடுங்கள், அப்புறம் தாங்கும் சூட்டில் வெந்நீர். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான் முதல் வைத்தியம், தாங்கும் சூட்டில் அரை மணி நேரமாவது. முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் டாக்டரிடம் போங்கள். குத்தாமல் இருக்க வழி: ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், தேய்க்கிற அதிர்வில் விலகிவிடும்.

அரிச்சல்முனையில் யாரையும் இறக்காதீர்கள். இரண்டு கடலும் அங்கேதான் சேருகிறது, காலுக்குக் கீழே மணல் ஓடும். இதில் பேச்சே இல்லை.


பாம்பன்காரி | டிசம்பர் 5, இரவு 9:30

மருந்துப்பெட்டி சொன்னதற்கு மேல் ஒரு வரி. ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல் என்று கைடுகள் சொல்வார்கள், பெண் கடல்தானே என்று இறங்குகிறவர்கள் உண்டு. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பெண், ஆண் பார்ப்பதில்லை.

ஆமை கேட்டிருந்தீர்கள். பங்குனி ஆமை என்று பேரிலேயே மாதம் இருக்கிறது. தையில் ஏறத் தொடங்கும், மாசி, பங்குனியில் மும்முரம். தனுஷ்கோடிப் பக்கம் ராத்திரியில் பொதுமக்களை விடுவதில்லை, இருட்டும் முன்னாலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வனத்துறை ஆள்கள் விடிவதற்குள் கரையில் நடந்து தடம் பார்ப்பார்கள். டிராக்டர் ஏறி இறங்கின மாதிரி இருக்கும் அந்தத் தடம். நாய், நரி தோண்டும் முன்னால் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது. 45 முதல் 55 நாளில் பொரியும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. நீங்கள் பங்குனியில் இன்னொரு தடவை வந்தால் குஞ்சு விடுவதைப் பார்க்கலாம்.


காகிதக்கப்பல் | டிசம்பர் 6, காலை 8:00

சரி, புதுத் திட்டம். முதல் நாள் விடிகாலை பூநாரை, அப்புறம் அரிச்சல்முனை (காலை நனைக்காமல்). இரண்டாம் நாள் குந்துகால், குருசடை. 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் குந்துகால் என்பதால் அப்பாவுக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் காரங்காடு. ஓங்கில், ஆமை, கடல் பசு, ஓலைக்குடா, நாலையும் அடித்துவிட்டேன். போய் வந்து எழுதுகிறேன்.


துடுப்பு | டிசம்பர் 6, காலை 8:20

காரங்காட்டில் அலையாத்தி இலை ஒன்றை மகனிடம் காட்டி நுனிநாக்கால் தொடச் சொல்லுங்கள். பறிக்க வேண்டாம், கிளையிலேயே இருக்கட்டும். மீதியை அவனே சொல்வான்.


காகிதக்கப்பல் | டிசம்பர் 30, இரவு 11:15

வந்துவிட்டோம். முகம், கழுத்து எல்லாம் தோல் உரிகிறது.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு கோதண்டராமர் கோயில் ரோட்டில் காரை நிறுத்தினோம். கொக்குமூக்கன் சார் சொன்ன மாதிரியே முதல் பத்து நிமிடம் வெறும் தண்ணீர். "அப்பா, ஒன்றும் இல்லை" என்று மகன் கதவைத் திறக்கப் போனான். அப்புறம் தூரத்தில் மணல் மேடு என்று நினைத்திருந்தது நகர்ந்தது. மகள் பைனாகுலரை வாங்கினவள் இரண்டு மணி நேரம் தரவில்லை. ஒற்றைக் காலில் நிற்பதில் இருந்து ஒன்று விழும் என்று காத்திருந்தாளாம், விழவில்லையாம். பின்னால் ஒரு வேன் வந்து நின்று பாட்டுப் போட்டது. என் அப்பா இறங்கிப் போய் என்ன பேசினாரோ தெரியவில்லை, பாட்டை நிறுத்திவிட்டு அவர்களும் பார்த்தார்கள். மகள் பைனாகுலரைப் பத்து விநாடி அவர்களுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததை விட அதிகம்.

தனுஷ்கோடி இடிபாடு பற்றி நீங்கள் யாரும் எழுதவில்லை. 1964 புயல் தெரியும், ரயில் போனது தெரியும். சர்ச் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் அது செங்கல் இல்லை, பவளக்கல் என்று தெரிந்தது. ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாக, தேன்கூடு மாதிரிக் கண்கண்ணாக வேலைப்பாடு. ஓலைக்குடாவில் பார்க்க முடியாத பவளத்தைச் சுவரில் பார்த்துவிட்டோம் என்று மனைவி சொன்னாள். பக்கத்தில் ஒரு பாட்டி மணலில் முழங்கை ஆழம் தோண்டிய ஊற்றில் இருந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். மகனுக்கும் ஒரு வாய் கொடுத்தார். கடலில் இருந்து நூறு அடிகூட இல்லை, உப்பே இல்லை!

இரண்டாம் நாள் சொதப்பல். ராத்திரி காற்று ஏறிவிட்டது, படகு இல்லை என்றார்கள். குந்துகாலிலேயே உட்கார்ந்து எதிரே குருசடையைப் பார்த்தோம், அவ்வளவுதான். கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் மகன் கரையில் ஒரு நண்டைக் கண்டுபிடித்தான். மிளகு அளவு மணல் உருண்டையாக உருட்டி உருட்டி வளையைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தது. நிழல் பட்டதும் உள்ளே. அசையாமல் நாற்பது எண்ணினால் மறுபடி வெளியே. ஆறு வயதுப் பிள்ளை அசையாமல் நாற்பது எண்ணி நான் பார்த்ததே இல்லை. திரும்பும் வழியில் 2025-ல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி அப்படியே மேலே ஏறாதா என்று அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். ஏறவில்லை.

காரங்காட்டில் தண்ணீர் அசையவில்லை, துடுப்பு சொன்னது சரி. இலையைத் தொட்டதும் மகன் "சிப்ஸ்" என்றான்.


மணல்திட்டு | டிசம்பர் 31, காலை 6:40

ஊற்றுத் தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கும். உப்புத் தண்ணீர் அதை விடக் கனம், அதனால் நல்ல தண்ணீர் அதன் மேல் மிதந்துகொண்டு நிற்கும். கொஞ்சம் தோண்டினால் நல்லது. ஆசைப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு. மோட்டார் போட்டு இழுத்தாலும் உப்பு. சிரட்டைதான் சரி.


கொக்குமூக்கன் | டிசம்பர் 31, காலை 7:05

பாப்பா கணக்கு எவ்வளவு?


காகிதக்கப்பல் | டிசம்பர் 31, காலை 9:20

ரோஸ் 214, சாம்பல் 37. பாதி எண்ணும்போது ஒரு கூட்டம் இடம் மாறி நடந்தது, அதை இரண்டு தரம் எண்ணியிருப்பாள் என்று நான் சொன்னேன். எண்ணவில்லை என்கிறாள். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.


நீள்லென்ஸ் | டிசம்பர் 31, காலை 10:00

நான் ஜனவரி 10 வாக்கில் போகிறேன். கைதட்டவில்லை. காரிலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்து இங்கே போடுகிறேன், பாப்பா கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம்.


பாம்பன்காரி | டிசம்பர் 31, இரவு 8:45

போகும்போது சாம்பலைத் தனியாக எண்ணுங்கள். தம்பி, குந்துகாலில் நீங்கள் உட்கார்ந்திருந்த அன்றைக்கு எங்கள் வீட்டு வல்லமும் போகவில்லை. பங்குனியில் வருவதாக இருந்தால் பத்து நாள் முன்னால் இங்கே ஒரு வரி போடுங்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.